பிரேம் செலவு என்னுடையது

பாப்பாவுக்கு,

நீயும் உன்கூடப் படித்தவர்களும் சேர்ந்து கண்காட்சி வைக்கிறீர்கள், விற்கிற பணம் குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறது என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். போனில் பேசலாமென்றால் நம் பிரேம் கடையில் பீடிங் கட்டை அறுக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது, உனக்கும் நான் பேச ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிற பழக்கம். அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸாப்பில் இவ்வளவு நீளமா என்று கேட்காதே.

பணம் முழுவதையும் கொடுத்துவிடப் போகிறோம் என்று சொன்னாயாம். யார் முடிவு செய்தது? எல்லோரும் உட்கார்ந்து பேசினீர்களா, இல்லை ஒருத்தர் குரூப்பில் எழுத, மற்றவர்கள் கும்பிடு பொம்மை போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்களா? ஹாலுக்கு வாடகை கொடுப்பீர்கள், பேனர் அடிக்கிறவருக்குக் கொடுப்பீர்கள், திறப்பு விழா டீ, சமோசாவுக்கும் கொடுப்பீர்கள். அங்கே காசு வாங்காத ஒரே ஆள் படம் வரைந்தவர்தான். உனக்கு டிராயிங் டீச்சர் சம்பளம் வருகிறது, நீ முழுசாகக் கொடுக்கலாம், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் கேன்வாஸ் கடையில் கடன் சொல்லி வாங்குகிறான் என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னாயே, அவன் எப்படி எல்லோர் முன்னாலும் வாய் திறந்து "எனக்கு ஒரு பங்கு வேண்டும்" என்பான்? புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெயரைச் சொன்ன பிறகு எவனுக்கு வாய் வரும்? அதனால் நீ கேள். கலர், கேன்வாஸ் செலவைக் கழித்துவிட்டு மீதியில் பாதி வரைந்தவருக்கு, பாதி சிகிச்சைக்கு என்று நீயே முதலில் சொல். கஷ்டமில்லாதவள் கேட்டால் கஷ்டப்படுகிறவனுக்கு வெட்கம் இருக்காது. முழுசும் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் தன் பங்கு கைக்கு வந்ததும் தனியாக அனுப்பிக்கொள்ளட்டும். அதில் இன்னொரு லாபமும் உண்டு. படமாகவே கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான் உண்டு, அதுவும் ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் என்றால் கணக்கில் வராது. வங்கி மூலமாக அனுப்பி ரசீது வாங்கச் சொல். (புது வரிமுறையில் இருப்பவர்களுக்கு இது எப்படியும் இல்லை, நீ எதில் இருக்கிறாய் என்று பார்த்துக்கொள்.)

சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு உங்களைக் காலேஜில் கூட்டிப்போனார்கள் இல்லையா? அந்த மரத்தையும் சிற்பத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினாயே தவிர, அந்த இடம் எப்படி வந்தது என்று நீ சொல்லவே இல்லை. அப்போது எழும்பூர் ஓவியக் காலேஜுக்கு ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்தான் முதல்வர். படிப்பை முடித்த பிள்ளைகள் படத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் வேறு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவருக்குப் பெரிய கவலை. எல்லோரும் சேர்ந்து, மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருட்கள் செய்தார்கள், கண்காட்சி போட்டு விற்றார்கள், வந்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் ஊர் உருவானது. துணியை விற்றுச் சாப்பிட்டதால் படத்தை அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியிருக்கவில்லை. அவர்களும் உங்களை மாதிரி ஒன்றுசேர்ந்தவர்கள்தான், ஆனால் அடுப்பு எப்படி எரியும் என்பதை முதலில் பேசி வைத்துக்கொண்டார்கள்.

விலையைக் குறைக்காதே. "தர்மத்துக்குத்தானே" என்று 12,000 ரூபாய்ப் படத்தை 3,000-க்குக் கொடுத்தால், வாங்கினவர் அடுத்த வருஷமும் 3,000-ஐத்தான் நீட்டுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரக்கப்பட்டு வாங்கின படம் பரணுக்குத்தான் போகும், பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பழைய படத்தைத் தூசி தட்டி மாட்டுகிற வேலையும் வேண்டாம். அந்த மழைத்தண்ணீர் நின்ற பஸ் ஸ்டாண்ட் படம் இருக்கிறதே, அதை வை. அதைக் கொடுக்க உனக்கு மனசு வராது என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

அப்புறம், கையில் 500 ரூபாயோடு வருகிறவர்களுக்கும் ஏதாவது இருக்க வேண்டும். லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் 1994-இல் ஒன்று ஆரம்பித்தார்களாம், கடைக்கு வருகிற ஒரு ஓவிய மாஸ்டர் சொன்னார். பெரிய ஓவியர்களும் மாணவர்களும் போஸ்ட்கார்டு அளவில் வரைந்து கொடுப்பார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே விலை, கையெழுத்து பின்பக்கம். வாங்கித் திருப்பிப் பார்த்தால்தான் யார் வரைந்தது என்று தெரியும். அந்தப் பணம் மாணவர்களுக்குப் போகிறது. முன்பெல்லாம் ஜனங்கள் ராத்திரியே வந்து வரிசையில் படுத்திருப்பார்களாம். நீங்களும் ஒரு மேஜை அப்படிப் போடுங்கள், ஆளுக்கு நாலைந்து அட்டை வரைவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பெயர் தெரியாமல் கண்ணுக்குப் பிடித்ததை எடுக்கிறபோது உன் அட்டை எத்தனை போகிறது என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

காலண்டர் போடுகிறோம் என்று சிகிச்சைக்குப் பணம் வாங்குகிற அமைப்பு உங்கள் படத்தைக் கேட்டால் கொடு, ஆனால் இந்த வருஷக் காலண்டருக்கு மட்டும், பெயர் போட வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள். படத்தை விற்றாலும் எழுதிக் கொடுக்காத வரை காப்புரிமை வரைந்தவரிடம்தான் இருக்கும். விற்றதற்கு ஒரு நோட்டு, அதை இரண்டு பேர் எழுதட்டும். விற்காத படம் எந்தத் தேதியில் யார் பொறுப்பில் திரும்பி வரும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

இனி என் வேலைக்கு வருகிறேன். எல்லோருடைய பிரேமும் நான் போட்டுத்தருகிறேன், காசு வேண்டாம், என் பங்கு அது. ஆனால் நான் சொல்கிறபடி அனுப்ப வேண்டும். அக்ரிலிக் கலரில் வரைந்த படத்தின் மேல் நேராக பபிள் ஷீட்டைச் சுற்றாதீர்கள், வெயிலில் கலர் இளகி அந்தக் குமிழெல்லாம் படத்தில் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல்தான் பபிள். வாட்டர்கலரை ஃபெவிகால் தடவி அட்டையில் ஒட்டி அனுப்புகிறவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன், தாளை அப்படியே அனுப்பட்டும், ஆசிட் இல்லாத மவுண்ட் அட்டையில் மேல் ஓரத்தை மட்டும் பிடித்துத் தொங்கவிடுவேன். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, தொட்டால் உங்கள் மெட்ராஸ் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும், இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுவேன். கேன்வாஸுக்குக் கண்ணாடியே வேண்டாம். பஸ் பார்சலில் திரும்பி வர வேண்டுமென்பதால் வாட்டர்கலருக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட் போடலாமா என்று யோசிக்கிறேன். கீறல் விழும், ஆனால் உடையாது. தங்க நிற பீடிங் கேட்டால் கிடையாது, அது சாமி படத்துக்கு. எல்லோருக்கும் ஒரே மாதிரி மெல்லிய கறுப்பு பீடிங், அப்போதுதான் சுவரைப் பார்த்தால் பத்துக் கடைச் சாமான் மாதிரி இருக்காது.

அளவை அங்குலத்தில் எழுது, அகலம் முதலில், உயரம் பிறகு, டேப் வைத்து அளந்து. "ஏறக்குறைய ஏ3" என்று போன தடவை எழுதியது மாதிரி எழுதாதே. அடுத்த வாரம் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, கடையில் கூட்டமாக இருக்கும், அதற்குள் படங்கள் வந்தால் நல்லது. திறப்பு விழாவுக்கு அம்மாவும் வருகிறாள், ராத்திரி தங்க உன் ரூமில் இடம் இருக்குமா என்று கேட்கச் சொன்னாள்.

அப்பா