படத்தில் உன் வில் இல்லை

அன்புள்ள செல்விக்கு,

படம் வந்தது. சின்னவன் வில் பிடிக்கும் கையின் முழங்கையைத் திருப்பி நாணுக்கு வழிவிட்டிருக்கிறான். நீ சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும். இழுக்கிற பக்கத்துத் தோள்தான் காதுவரை ஏறியிருக்கிறது. ஒரு படத்தை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் பார்த்துக்கொள்.

புது நாண் முதல் நூறு இருநூறு அம்புக்கு நீளும். நீண்டால் பிரேஸ் ஹைட், அதாவது பிடிக்கும் நாணுக்கும் நடுவே உள்ள இடைவெளி, இறங்கும், நாண் கையில் அடிக்கும். 68 அங்குல வில்லுக்கு எட்டரையிலிருந்து ஒன்பது அங்குலம். அவனுடையதற்கு இன்னும் குறைவு, வில்லோடு வந்த தாளில் இருக்கும். இறங்கினால் கழற்றி முறுக்கு ஏற்று. நாணில் பிசிறு கிளம்பினால் மெழுகு தடவி, விரலில் சூடு தெரியும்வரை தேய். நாணைச் சுற்றியிருக்கும் காப்பு நூல், அந்தச் செர்விங் மேல் மெழுகு வேண்டாம். செர்விங் பிரிந்தால் திரும்பச் சுற்றிக்கொள்ளலாம். உள்ளே ஒரே ஒரு இழை அறுந்தாலும் நாணையே மாற்று. மாப்பிள்ளை அந்தப் பழைய மரவில்லுக்கும் இதே நாணைப் போட்டுப் பார்ப்பார், எனக்குத் தெரியும். முனை பலப்படுத்தாத வில்லுக்கு கொஞ்சம் நீண்டுகொடுக்கிற டாக்ரான் நாண் மட்டும்தான். நீளாத நாண் அடிக்கிற அடியில் முனையே பிளந்துவிடும்.

புது லிம்பில், வில்லின் வளைகிற பகுதியில், 28 பவுண்டு என்று போட்டிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போன வருடம் அவனுக்கு 18. மாப்பிள்ளை போட்ட கணக்கு இதுவாகத்தான் இருக்கும்: எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கு, பையன் இழுப்பது 25, அங்குலத்துக்கு 2 பவுண்டு கழித்தால் 22. கணக்கு சரிதான். ஆனால் லிம்பில் போட்டிருப்பது 25 அங்குல ரைசருக்கான, அதாவது பிடி இருக்கும் நடுப்பகுதிக்கான, இழுப்பு எடை. அவன் கையில் இருப்பது 23. ரைசர் குட்டையானால் ஏறக்குறைய 2 பவுண்டு ஏறும், ஆக 24. பையன் வளர்கிறான் வேறு. இழுப்பு ஒரு அங்குலம் கூடினால் யாரும் எதையும் மாற்றாமலே 26. கொக்கித் தராசை நாணில் மாட்டி, அவன் தாடை தொடுகிற இடம்வரை இழுத்துப் பாருங்கள். அதுதான் உண்மையான எடை.

லிம்ப் போல்ட்டைத் தளர்த்தலாமே என்பார். அதில் ஒன்றரை பவுண்டு குறைந்தால் பெரிது. நாணைக் கழற்றிவிட்டு, மேலும் கீழும் ஒரே அளவு திருப்ப வேண்டும். எல்லை தாண்டினால் போல்ட் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டு இரண்டு பவுண்டாகத்தான் ஏற்ற வேண்டும். முழுதாக இழுத்து, பத்து எண்ணும்வரை தோள் ஏறாமல் நிற்கிறானா? நின்றால் அடுத்த படி. ரைசர் ஐஎல்எஃப் என்கிற பொதுப் பொருத்து முறை என்பதால் 20 லிம்ப் எங்கே கிடைத்தாலும் அதில் உட்காரும். பழையது போதும், எப்படியும் ஒரு வருடத்தில் மாற்றத்தான் போகிறீர்கள்.

லிம்ப் மாறினால் அம்பும் மாறும். 18க்கு வாங்கிய அம்பு 28இல் வளைந்துகொண்டு போகும். 18 மீட்டரில் இறகில்லாத அம்பு ஒன்றை மற்றதோடு சேர்த்து எய்யச் சொல். வலக்கைக்காரன் அல்லவா, அது கூட்டத்துக்கு வலப்பக்கம் விழுந்தால் அம்பு மெலிது, இடப்பக்கம் என்றால் விறைப்பு. அம்பின் விறைப்பைக் காட்டும் ஸ்பைன் எண் குறையக் குறைய விறைப்பு கூடும், கடையில் மாற்றிச் சொல்லிவிடாதே. உங்கள் மூவர் அம்புக்கும் வேறு வேறு நிற இறகு ஒட்டு. உன் அம்பை அவன் எடுத்தால் குறி தவறும், அவ்வளவுதான். அவன் அம்பை நீ எடுத்து இழுத்தால் முனை, அம்பு உட்காருகிற ரெஸ்ட்டை விட்டு உள்ளே வந்து, விட்டதும் கையில் ஏறும். கார்பன் அம்பு மேலே கீழே எங்கே மோதினாலும் வளைத்து, காதருகே வைத்துக் கேள். சின்ன நெரிசல் சத்தம் வந்தால் ஒடித்துப் போட்டுவிடு, யாரும் திரும்ப எடுக்காதபடி.

தோளைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். உன் வில்லில் 24ஐக் கழற்றிவிட்டு 34 மாட்டியது நான்தான். உன் தோள் ஏறியதை அன்றைக்கே பார்த்தேன். பழகினால் சரியாகும் என்றேன். சரியாகாது, அம்மா. முதுகு செய்ய வேண்டிய வேலையைத் தோள் எடுத்துக்கொள்ளும், பிறகு விடாது. அதுவும் எனக்குத் தெரியும். நீ வலிக்கிறது என்று ஒரு தடவையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதக்கத்தை மட்டும் எல்லோரிடமும் காட்டினேன்.

இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். தராசு விஷயம் மட்டும் சொல், அவருக்கே புரியும். நல்ல மனுஷர், அவசரம்தான்.

படத்தில் மூன்று பேர் இருக்கிறீர்கள், வில் இரண்டுதான் இருக்கிறது. உன்னுடையது உறையிலேயே இருந்தால் பரவாயில்லை, வெயிலில் நிற்கிற காரில் மட்டும் வேண்டாம், லிம்ப் அடுக்கு பிரிந்துவிடும். எடுக்கத் தோன்றினால் அந்த 34ஐ மாட்டாதே. பழைய 24 என்னிடம் இருக்கிறது. ஓரம் முழுக்கப் பஞ்சை ஓட்டிப் பார்த்துவிட்டேன், எங்கும் சிக்கவில்லை. கேட்டால் அனுப்புகிறேன். அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் பிளஞ்சர் பொத்தான் இத்தனை நாளில் ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றி உலர்ந்த துணியால் துடை, எண்ணெய் விடாதே.

அப்பா