அகவிலை நிவாரணம்: எந்தத் தொகையின் மேல்?

ஆசிரியருக்கு,

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு ஜனவரி 1, ஜூலை 1 என ஆண்டுக்கு இருமுறை, விலைவாசி உயர்வை ஈடுகட்டத் தரப்படும் அகவிலை நிவாரணம் மாறுகிறது. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டின் 12 மாதச் சராசரிதான் அடிப்படை. கணக்கில் 55.9 என்று வந்தாலும் கிடைப்பது 55 சதவீதமே. விட்டுப்போன பின்னம் அடுத்த தவணைக் கணக்கில் தானாகச் சேர்ந்துவிடும் என்பதால் அது பெரிய இழப்பல்ல.

இழப்பு வருவது வேறிடத்தில். கம்யூடேஷன் செய்தவர்களுக்கும், அதாவது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக முன்கூட்டியே ஒரே தொகையாகப் பெற்றவர்களுக்கும், நிவாரணம் முழு அடிப்படை ஓய்வூதியத்தின் மீதே கணக்கிடப்பட வேண்டும். குறைத்த தொகையின் மீது அல்ல. அடிப்படை 20,000 ரூபாய், அதில் 40 சதவீதம் கம்யூட் செய்தால் கைக்கு வருவது 12,000. 55 சதவீத நிவாரணம் 11,000 ரூபாய். 12,000-க்குக் கணக்கிட்டால் 6,600தான். மாதம் 4,400 ரூபாய் போச்சு! பாஸ்புக்கில் மொத்தத் தொகை மட்டுமே இருப்பதால் இது கண்ணில் படாது. வங்கியில் மாத ஓய்வூதியச் சீட்டு கேட்டு வாங்கி, பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) உள்ள அடிப்படையோடு ஒப்பிட வேண்டும். தவறிருந்தால் பி.பி.ஓ. நகலுடன் எழுத்தில் கொடுத்து நிலுவையைக் கேளுங்கள். 80 வயதில் சேரும் 20 சதவீதக் கூடுதல் ஓய்வூதியத்துக்கும் நிவாரணம் உண்டு. பலர் அதைப் பார்ப்பதேயில்லை.

2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை முடக்கப்பட்ட மூன்று தவணைகளின் நிலுவை இன்றுவரை தரப்படவில்லை. இ.பி.எஸ்.-95 எனும் வருங்கால வைப்புநிதி சார்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்களுக்கோ அகவிலை நிவாரணமே கிடையாது. 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்சம் 1,000 ரூபாயை விலைவாசியோடு இணைக்க ஏன் இத்தனை தயக்கம்?

ஓய்வுபெற்ற கணக்கர்,
திருச்சி