எங்கள் வாசலைத் திருத்தியவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

எங்கள் பயிற்சி மையத்துக்காக, பூட்டிக் கிடந்த கட்டடத்தின் சாவி கைக்கு வந்த அன்று, உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிட்டோம். புறா எச்சம், வௌவால் வாடை, இடுப்பளவுக்கு உப்புப் பூத்த சுவர். இன்று அதே கூடத்தில் தையல் மிஷின் சத்தம். பின்கட்டில் வெல்டிங் வகுப்பு.

எலக்ட்ரீஷியன் அண்ணனிடம், பழைய வயரிங்கை வைத்தே ஒப்பேற்றிவிடலாமே என்று கேட்டோம். அவர் பதில் பேசாமல் ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றி, வயரை விரலால் மடக்கினார். மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. அத்தனையையும் உருவிப்போட்டு, புதிதாக எர்த் இறக்கி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பரும் வைத்தார். வெல்டிங்குக்குத் தனி லைன். கூலி வாங்கவில்லை.

கொத்தனார்மேல் அப்போது எங்களுக்குக் கோபம்தான். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, "சுவர் காயட்டும்" என்று வாரக்கணக்கில் பெயிண்டைத் தொடவிடவில்லை. ஓதத்தின்மேல் அடித்தால் கொப்பளித்து உரியும் என்றார். இன்றுவரை ஓர் இடத்தில்கூட உரியவில்லை, ஐயா.

மேசை தருகிறேன் என்று சொல்லி வராமலே போனவருக்கும் ஒரு நன்றி. அவர் புண்ணியத்தில்தான் கழற்றிப்போட்ட பழைய கதவுகள் மேசையாயின. இழைத்துக் கால் பொருத்திய தம்பிகளே, அவை கொஞ்சம்கூட ஆடவில்லை.

வாசலில் இரண்டே படி, மொத்தம் 1 அடி உயரம். அவசரத்தில் குட்டையாக ஒரு சரிவுப்பாதை போட்டுவிட்டு, அதில் பெருமை வேறு பட்டுக்கொண்டோம். சக்கர நாற்காலியில் வந்த தங்கை பாதியிலேயே நின்றுவிட்டார். தள்ளிவிட ஓடினோம். "ஒருத்தர் தள்ளித்தான் ஏறணும்னா இது எனக்குப் போட்ட வழி இல்லையே" என்றார். 1 அடி ஏற 12 அடி நீளம் வேண்டுமாம். போட்டதை இடித்தோம். நேராக இடமில்லாததால் சுவரை ஒட்டித் திருப்பி, வளைவில் நாற்காலி திரும்பச் சமதளம் விட்டு, மறுபடி கட்டினோம். சிமெண்ட் இறுகும்வரை 7 நாளும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியவர் பக்கத்து வீட்டு அம்மா. எங்கள் மோட்டார் அப்போது பழுது. குடம் குடமாகத் தன் வீட்டிலிருந்தே சுமந்தார்.

நேற்றுக் காலை அந்தத் தங்கை தனியாகவே ஏறி வந்தார். கணினி வகுப்புக்கு விண்ணப்பம் கேட்டார். கொடுத்தோம்.

"பேனா இருக்கா?" என்றார்.

நன்றியுடன்,
பயிற்சி மையக் குழு