வாக்கியக் கணக்குகள் இயல்களின் வேலியைத் தாண்டட்டும்: கணிதப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கணிதப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், வாக்கியக் கணக்குகளைப் பாடநூலில் அமைக்கும் விதம் குறித்து ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். தனியாகக் கொடுத்தால் பெருக்கலையும் வகுத்தலையும் தடுமாறாமல் செய்கிற பிள்ளை, அதே எண்களை நான்கு வரி வாக்கியத்துக்குள் பார்த்தவுடன் "சார், இதைக் கூட்டணுமா, பெருக்கணுமா?" என்று கேட்பது எந்த ஊர் ஆசிரியருக்கும் புதிதல்ல. வாசிப்புத் திறன் போதவில்லை என்று பொதுவாகக் காரணம் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் கணக்கு நூலில் எந்த இடத்தில் வருகிறது என்பதற்கும் இதில் பங்கு உண்டு என்று கருதுகிறேன்.

2018-இல் வெளிவந்த ஆறாம் வகுப்பு நூலின் இரண்டாம் பருவத்தில் இலாப நட்டக் கணக்குகளுக்கென்றே ஓர் இயல் உள்ளது. அதைப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, கணக்கை வாசிப்பதற்கு முன்பே வழி தெரிந்துவிடுகிறது: பெரிய விலையிலிருந்து சிறிய விலையைக் கழித்தால் போதும். ஏழாம் வகுப்பில் நேர் விகிதம் (ஒன்று எத்தனை மடங்கு கூடுகிறதோ மற்றதும் அத்தனை மடங்கு கூடுவது) கற்ற கையோடு செய்பவை எல்லாம் நேர் விகிதக் கணக்குகளே. எந்தச் செயலைச் செய்வது என்று தீர்மானிப்பதுதான் வாக்கியக் கணக்கின் உயிர். அந்தத் தீர்மானத்தை இயலின் தலைப்பே எடுத்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது எண்களைப் பொறுக்கி எடுக்கும் வேலை மட்டுமே. அவ்வாறு பழகிய பிள்ளையிடம், கொடியில் ஒரு வேட்டி காய 2 மணி நேரம் ஆகுமென்றால் பக்கத்தில் பக்கத்தில் விரித்த 5 வேட்டிகள் காய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுப் பாருங்கள். 10 மணி நேரம் என்ற விடை தயங்காமல் வரும்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறை அன்று. பிரான்சின் கிரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் 1979-இல், ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டே ஒரு வயதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் நடந்த தேசிய மதிப்பீட்டில், 1128 படைவீரர்களை ஏற்றிச் செல்லப் பேருந்துக்கு 36 பேர் வீதம் எத்தனை பேருந்துகள் தேவை என்று 13 வயதினரிடம் கேட்கப்பட்டது. ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகச் செய்தும், 32 என்ற சரியான விடையை எழுதியவர்கள் 23 விழுக்காட்டினரே. 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்றே எழுதிவைத்தார்கள். இவர்கள் தோற்றது வகுத்தலில் அன்று, விடையைச் சூழலுக்குள் திரும்பக் கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்பதில்.

அந்தப் பழக்கத்தை ஊட்டப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 130 மாணவர்கள் பெஞ்சுக்கு 4 பேராக உட்கார 33 பெஞ்சுகள் வேண்டும். 130 சென்டிமீட்டர் ரிப்பனை 4 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 32 முழுத் துண்டுகள் கிடைக்கும். 130 ரூபாயை 4 பேர் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 32 ரூபாய் 50 காசு. ஒரே வகுத்தலுக்கு மூன்று விடைகள். இவை மூன்றும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தால், ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வி வகுப்பில் தானாகவே எழும். பிறகு 130-ஐ 4-ஆல் வகுக்க வேண்டிய புதிய கதை ஒன்றைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம்.

வாக்கிய அமைப்பையும் கவனிக்க வேண்டும். "கிலோ 40 ரூபாய் வீதம் வாங்கிய 50 கிலோ மாம்பழத்தில் அழுகிய 8 கிலோ போக மீதியைக் கிலோ 55 ரூபாய் வீதம் விற்ற வியாபாரி பெற்ற இலாபம் எவ்வளவு?" என்ற வாக்கியத்தில், அது யாரைப் பற்றியது என்பது கடைசியில்தான் தெரிகிறது, அதுவரை நான்கு எண்களையும் நினைவில் சுமந்தபடி பிள்ளை காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது இயல்பான தமிழ்தான். ஆறாம் வகுப்பில் இதையே நான்கு சிறு வாக்கியங்களாக உடைத்துக் கொடுத்துவிட்டு, எட்டாம் வகுப்பில் நீண்ட வடிவத்துக்குக் கொண்டுபோகலாம். கணக்கை எளிதாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 310 ரூபாய் என்ற விடைக்குச் செல்லும் படிகள் இரண்டிலும் ஒன்றேதான்.

சில வகுப்பறைகளில் "மொத்தம்" என்றால் கூட்டு, "அதிகம்" என்றாலும் கூட்டு என்று குறுக்குவழி சொல்லிக்கொடுக்கப்படுவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கவிதாவிடம் 24 மாங்காய்கள் உள்ளன, அது ராணியிடம் இருப்பதைவிட 6 அதிகம் என்றால் ராணியிடம் உள்ளவை 18. குறுக்குவழியை நம்பிய பிள்ளை 30 என்று எழுதும். இத்தகைய கணக்குகளை நூலே அடிக்கடி தந்தால், அந்தக் குறுக்குவழி வகுப்பறையில் தாக்குப்பிடிக்காது.

இயல்களின் இறுதியில் பல்வகைத் திறனறிப் பயிற்சிக் கணக்குகளும் மேற்சிந்தனைக் கணக்குகளும் இருப்பதை நான் அறிவேன். அவற்றுள் நல்ல கணக்குகள் பல உண்டு. ஆனால் அவையும் அந்தந்த இயலின் வேலிக்குள்தான் நிற்கின்றன. ஆகவே அடுத்த திருத்தத்தில், ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும், எட்டாம் வகுப்பில் சில இயல்களுக்கு ஒருமுறையும், தலைப்பு ஏதுமில்லாத இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். முந்தைய ஆண்டுப் பாடங்கள் உட்பட எல்லா இயல்களின் கணக்குகளும் அதில் கலந்து வரட்டும். தேவைக்கு மேல் தகவல் உள்ள கணக்கு ஒன்றும், தகவல் போதாத கணக்கு ஒன்றும் கட்டாயம் இடம்பெறட்டும். "இதற்கு விடை காண இயலாது, காரணம் இது" என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் உண்டு என்பதை ஆசிரியர் கையேட்டில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கையேட்டில் இல்லாத ஒன்றுக்கு மதிப்பெண் தரப் பல ஆசிரியர்கள் தயங்குவார்கள். பருவத் தேர்வின் மாதிரி வினாத்தாளிலும் இந்தப் பக்கங்களின் பாணியில் ஒரு வினாவாவது வர வேண்டும். தேர்வில் வராத பக்கத்தை வகுப்பில் யாரும் திறக்கமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்ததே.

இப்படிக்கு,
நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவன்