2024–25 ஆண்டறிக்கை: நின்ற வண்டி நகர்ந்த கதை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், மலை ஊர்களிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். சந்தை நாளில் பொதுக்குழு வைக்காதீர்கள் என்று போன வருடம் சொன்னீர்கள். இந்த முறை மாற்றி வைத்தோம். வந்த கூட்டம் என்னவோ அதே அளவுதான்.

வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூரிலிருந்து மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை பக்கத்துக் குக்கிராமங்களுக்கு ஆளும் சரக்கும் ஏற்றுகிற ஜீப், பிக்கப் ஓட்டுநர்களின் சங்கம் இது. தார் ரோட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தார் முடிந்து மண்ணும் சரளையும் தொடங்குகிற இடத்தில்தான் நம் பிழைப்பும் தொடங்குகிறது. செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. ஃபெஞ்சல் புயல் மழையில் பாதைகள் அரித்துப்போன டிசம்பரில் மட்டும் கூட முடியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இந்த வருடம் நம் வண்டி எதுவும் ஓடும்போது கவிழவில்லை. நிறுத்தி வைத்த வண்டிதான் மூன்று முறை நகர்ந்தது. அதில் ஒன்று செயலாளர் வண்டி. ஊரெல்லாம் தெரிந்த கதைதான், இருந்தாலும் மினிட் புத்தகத்தில் என் கையாலேயே எழுதிவிடுகிறேன்.

ஆவணியில் பீஞ்சமந்தைக்கு அப்பால் ஒரு வீட்டு வேலைக்குச் சிமெண்ட் ஏற்றிப் போயிருந்தேன். திரும்பும்போது வசதியாக இருக்கட்டும் என்று முதலிலேயே வண்டியைத் திருப்பி, மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் இழுத்தேன், ரிவர்ஸ் கியர் போட்டேன், ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தேன், சாவியை எடுத்தேன். சக்கரத்துக்குக் கல் மட்டும் வைக்கவில்லை. பாதிக்கு மேல் மூட்டை இறங்கியிருக்கும். டீ டம்ளரோடு நின்றவன் காதில் சரசரவென்று சத்தம். பின் சக்கரம் இரண்டும் உருளவே இல்லை. பூட்டுப் போட்ட மாதிரி நின்றபடியே சரளைமேல் வழுக்கிக்கொண்டு போகின்றன. பாடியில் நின்ற பையன் குதித்துவிட்டான். வண்டி பத்தடி போய் மண்கரையில் முட்டி நின்றது. ஒரு ஹெட்லைட்டும் பம்பரும் போயின. ஸ்டியரிங்கை ஒடிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பக்கம் பள்ளம்.

ஹேண்ட் பிரேக்கும் சரியாக இருந்தது, கியரும் சரியாக இருந்தது. ஆனால் நம் பிக்கப்பில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின் சக்கரத்தை, கியர் பிடிப்பதும் அதே பின் சக்கரத்தை. மூக்கு கீழே பார்த்து நிற்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின்னால் இருந்த 50 கிலோ மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்க இறங்கப் பின் சக்கரம் தரையை அழுத்துவது குறைந்துகொண்டே வரும். காலி வண்டியானதும் டயருக்கும் சரளைக்கும் பிடிப்பே இல்லை. எனவே சரக்கு இறக்கும் வண்டியை மூக்கு மேட்டைப் பார்க்கவே நிறுத்த வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. வேறு வழியில்லாமல் இறக்கம் பார்த்து நிறுத்தினால், முதல் மூட்டையில் கை வைக்கும் முன் முன் சக்கரம் இரண்டுக்கும் அண்டை கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நம் மூத்த உறுப்பினரின் பழைய ஜீப். மேட்டில் பஞ்சர், பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கியதும் வண்டி நகர்ந்து ஜாக்கி சாய்ந்துவிட்டது. அந்த மாதிரி வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால், இரண்டு பின் சக்கரங்களையும் தனித்தனியே சுற்றவிடும் டிஃபரன்ஷியல் அதைச் சுற்றவிட்டு மற்றதை உருளவிடும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதைதான். அண்ணன் கையை எடுத்துவிட்டார், பிழைத்தார்.

மூன்றாவதில், எஞ்சின் இழுவையை இரண்டு சக்கரத்துக்கோ நான்குக்கோ மாற்றுகிற ஃபோர் வீல் லிவர் நடுவில் நியூட்ரலில் நின்றுவிட்டது. அப்போது கியர் எதில் இருந்தாலும் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமில்லை. தேய்ந்த ஹேண்ட் பிரேக் ஒன்றை நம்பி வண்டி நின்றிருக்கிறது. அதனால் நிறுத்தும்போது வரிசை இதுதான்: கால் பிரேக், ஹேண்ட் பிரேக், அப்புறம் காலை மெதுவாக எடுத்து வண்டி தாங்குகிறதா என்று பார்ப்பது, பிறகுதான் கியர். தாங்கவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும், நாமும் உள்ளேயே இருப்போம்.

ஐப்பசியில் மெக்கானிக் ஒருவரை அழைத்து அரைநாள் வகுப்பு வைத்தோம். ஏறின கியரிலேயே இறங்கு என்று நம் பெரியவர்கள் சொல்வதை அவரும் சொன்னார். செங்குத்தான மண் பாதையில் அதுவும் போதாது, ஃபோர் வீல் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாகச் சுற்றும் நிலை) முதல் கியர், கிளட்சில் கால் படக்கூடாது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு எஞ்சினையும் அணைக்கிறவர்கள் இன்னும் நம்மில் இருக்கிறார்கள், பெயர் எழுதவில்லை. எஞ்சின் நின்றால், பிரேக் மிதிக்கு உதவுகிற பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் (காற்றில்லா உறிஞ்சு விசை) இரண்டு மூன்று மிதிக்குத்தான். பிறகு பெடல் கல்லாகிவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140 போதும். காலை அழுத்தியபடியே இறங்கினால் டிரம் சூடேறி அந்த ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். லைனிங் கருகும் வாசனை வந்தாலே ஓரம் கட்டி ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருக்கிறார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பழகியவர்களுக்கு வாசனை தெரியும், ஆனால் அங்கே ஒதுங்க இடம் உண்டு. நம் பாதையில் இல்லை.

ஏறும்போது எஞ்சின் நின்றுபோனால் வண்டியைத் திருப்ப முயலாதீர்கள், குறுக்கே திரும்பிய வண்டிதான் உருளும். பிரேக்கைப் பிடித்தபடியே ரிவர்ஸ் கியர் போட்டு, எஞ்சினை எழுப்பி, கிளட்சை முழுதாக விட்டு, நேராகப் பின்னால் வாருங்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறையிலேயே இது இருந்தது.

ஒரு புகார். சக்கரத்துக்கு வைத்த கல்லைப் பாதை நடுவிலேயே விட்டுவிட்டுப் போகிறோம் என்று மலை ஊர்க்காரர்கள் வருத்தப்பட்டார்கள். இருட்டில் பைக்கில் வந்த ஒருவர் அதில் ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்டார். அது நம் தவறுதான். வைத்தியச் செலவில் ஒரு பங்கைச் சங்கம் கொடுத்தது.

அதற்காகவே வேப்ப மரத்தில் ஆப்புக் கட்டைகள் அறுக்கச் சொன்னோம். ஒருபுறம் சரிவு, மேலே கயிற்று வளையம். கயிற்றை இழுத்தால் கட்டை வண்டிக்கே திரும்பிவிடும். கிளீனர் குனிய வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு ஜோடி சங்கம் தரும். இரண்டாவது ஜோடி வேண்டுமென்றால் மரக் கூலி மட்டும் கட்ட வேண்டும். வாங்கிப்போனவர்களில் சிலர் அதை சீட்டுக்கு அடியில் போட்டு மேலே கோணிப்பையை விரித்திருப்பதைப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

இன்னும் வாங்காதவர்களின் கட்டைகள் பொருளாளர் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. அவர் வீட்டம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். சந்தா கட்ட வரும்போது எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்