300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) இணைய இணைப்பு மாடி வயரில் 94-ஐத் தாண்டாதது குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: உங்கள் ஊழியர் இழுத்துத் தந்த லேன் வயரை மாற்றித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

ஒரே மாதத்தில் மூன்று முறை புகார் பதிவு செய்தும், மூன்றையும் "சரிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி அனுப்பி மூடிவிட்டீர்கள். எதுவும் சரியாகவில்லை. ஹாலில் உள்ள ரவுட்டரிலிருந்து மாடி அறைக்கு உங்கள் ஊழியர் இழுத்த 22 மீட்டர் வயரில்தான் குறை. அதை இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை.

1.5 மீட்டர் பேட்ச் கார்டில் (இரு முனையிலும் பிளக் போட்ட ஆயத்த லேன் வயரில்) லேப்டாப்பை ரவுட்டரோடு நேராக இணைத்தால் 290 வருகிறது. அதே லேப்டாப்பை மாடி வயரில் செருகினால் 94. ரவுட்டரில் போர்ட் மாற்றிச் செருகியும் அதே 94. லேப்டாப், போர்ட், ஃபைபர் மூன்றின் மீதும் பழி போட வழியில்லை. 94 என்ற எண்ணே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: 100 எம்பிபிஎஸ் லிங்கில் (வயரின் இரு முனைக் கருவிகளுக்கு இடையிலான இணைப்பில்) பாக்கெட் தலைப்புகளின், அதாவது தரவோடு சேர்ந்து செல்லும் முகவரி விவரங்களின், சுமை போக மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். ரவுட்டரின் நிலைப் பக்கமும் அந்த போர்ட்டுக்கு 1000 காட்டாமல் 100 காட்டுகிறது.

லேன் வயருக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். கம்பிக்கு ஒரு விளக்கு வீதம் காட்டும் கேபிள் டெஸ்டர் வைத்தால் 8-வது விளக்கு எரிவதில்லை. மாடி முனையில் பிளக்கை ஒட்டி வயரை வளைத்தால் மினுக்கென்று எரிந்து அணைகிறது. எப்போதாவது தொடுப்பு கிடைத்து 1000-ல் லிங்க் ஏறினாலும், வயர் சற்று அசைந்ததும் அறுந்து, சில நொடி கழித்து 100-ல் வந்து நிற்கிறது. இடையிடையே இணைப்பு போகிறது என்று பதிவு செய்த இரண்டாவது புகாருக்கும் காரணம் இதுதான்.

அந்த பிளக்கில் டார்ச் அடித்தாலே எல்லாம் தெரியும். ஏழு கம்பிகள் முன்சுவர்வரை எட்டியிருக்கின்றன. 8-வதான பழுப்புக் கம்பி மட்டும் ஒரு மில்லிமீட்டர் பின்னால் நிற்கிறது, பிளக்கின் தங்கமுலாம் பூசிய தொடுமுனை அதன் நுனியை உரசுவதோடு சரி. வயரின் மேலுறை பிளக்குக்குள் நுழையவே இல்லை. முறுக்குப் பிரிந்த கம்பிகள் நான்கு சென்டிமீட்டருக்கு வெளியே தெரிகின்றன. 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது, பிளக்கின் கடிப்பு உறையைக் கவ்விப் பிடிக்க வேண்டும் என்பது கிரிம்பிங்கின் (வயர் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவதன்) பாலபாடம். உறையைக் கவ்வாவிட்டால் ஒவ்வொரு இழுப்பும் நேரே கம்பியின் மேல்தான் விழும்.

வயரும் சரியில்லை. ஊழியர் விட்டுச் சென்ற துண்டில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினால் செம்பு உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது: செம்பு பூசிய அலுமினியம். பில்லில் "கேட் 6 செம்பு" (கேட் 6 என்பது லேன் வயரின் ஒரு தரவகை) என்று போட்டு, மீட்டருக்கு 30 ரூபாய் வீதம் 660 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். கேட் 6 தரத்துக்கு முழுச் செம்பு வேண்டும். அலுமினியம் சில முறை வளைந்தாலே ஒடியும் என்பதால், பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் போவதை ஏற்க மாட்டேன்.

தொலைபேசியில் உங்கள் தரப்பு சொன்னதெல்லாம் ரீஸ்டார்ட், டிஎன்எஸ் மாற்றம், ரீசெட். "ஒளி அளவு மைனஸ் 19, நன்றாக இருக்கிறது" என்றார்கள். அது ஃபைபர் பெட்டிக்கு வந்து சேரும்வரையிலான கணக்கு. பெட்டிக்குப் பிறகு மாடி ஏறும் லேன் வயரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

22 மீட்டருக்கும் முழுச் செம்பு கேட் 6 வயர் மாற்றி, இரு முனையிலும் டி568பி என்ற கம்பி நிற வரிசையில் பிளக் போட்டு, டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிவதை என் முன்னால் காட்ட வேண்டும். லிங்க் 1000 என்று வந்த பிறகு, என் ஒப்புதலோடுதான் புகாரை மூட வேண்டும். இரண்டாவது வருகைக்கு வசூலித்த 300 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ஏழு வேலை நாளுக்குள் ஆள் வராவிட்டால், பில், வயர் துண்டு, டெஸ்டர் படங்களோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தருவேன்.

இணைப்பு: பில் நகல், நான்கு படங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்