காலுக்கு வேலையில்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் வாகனப் பக்கத்தில், நான்குவழிச் சாலையில் ஏறியதும், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வைத்த வேகத்தில் காரை ஓடவைக்கும் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டால் காலுக்கு வேலையில்லை, குடும்பத்தோடு பேசிக்கொண்டே போகலாம் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எந்த ஊர் நான்குவழிச் சாலை என்று சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

கயத்தாறிலிருந்து காவல்கிணறு வரை எங்கள் சாலை எப்படி இருக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. வைக்கோல் லாரி வலப்பக்கத்தை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருக்கும். மீடியன் இடைவெளியில் ஆட்டுக்கூட்டம் கடக்கும். சுற்றிப்போக மனமில்லாத பைக்காரர், பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வருவார். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்.

நாகர்கோவிலில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மருமகன்தான் காரை ஓட்டினார். நாங்குநேரி தாண்டியதும் 90-ல் பொத்தானை அழுத்திவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். வாழைத்தார் ஏற்றிய சிறு லாரி ஒன்று இண்டிகேட்டர் போடாமல் வலப்பக்கம் ஏறியது. எங்கள் காரில் இருப்பது சாதாரண வகை. அதற்கு முன்னால் போகும் வண்டி தெரியாது. 90 மட்டும்தான் தெரியும். மடக்கிய கால் பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் லாரியின் பின்பலகையில் எழுதியிருந்த குலதெய்வத்தின் பெயரை நான் முழுதாகப் படித்துவிட்டேன். பின்சீட்டில் என் மனைவி மடியிலிருந்த தட்டு கவிழ்ந்து, எலுமிச்சம்பழங்கள் கியர் வரை உருண்டு வந்தன. அன்று நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர், இந்த ஞாயிறு உங்கள் இதழை என் முன்னால் விரித்து, "பார்த்தீர்களா மாமா, பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள்" என்கிறார். ரொம்ப நன்றி.

ராடார் வைத்த கார்கள் முன்வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் என்பீர்கள். ஆட்டையும் எதிரே வரும் பைக்கையும் அதை நம்பி விட முடியுமா? குற்றாலச் சீசனில் பாவூர்சத்திரம் தாண்டினால் சாரல். தேங்கிய தண்ணீரில் வேகம் குறைந்தால், எந்திரத்தை முடுக்கி வேகத்தைக் கூட்டத்தான் அந்தக் கருவி பார்க்கும். டயர் வழுக்குவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கார் விற்றவர்களும் அப்படித்தான். மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். பொத்தானைப் பற்றிக் கேட்டால் தலையணை கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பாபநாசம் மலைப்பாதையில் எந்த கியரில் இறங்குவது நல்லது என்று எழுதுங்கள் என முன்பு தங்களுக்குக் கடிதம் போட்டேன். பதிலாக சன்ரூஃப் பற்றி அரைப்பக்கம் வந்தது. திறந்து வைத்தால் எங்கள் ஊர் வெயிலில் வடாம் காயப்போடலாம்.

நான் கேட்பது அடுத்த ஞாயிறு ஒரு சிறு கட்டம். சாலை காலியாகவும் காய்ந்தும் இருந்தால் மட்டும் குரூஸ் கன்ட்ரோலைப் போட வேண்டும். கால் பிரேக் அருகிலேயே இருக்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் அது விலகிவிடும். ரெஸ்யூம் பொத்தானைத் தொட்டால் பழைய வேகத்துக்கே மறுபடி ஓடும், அதனால் ஊருக்குள் அதைத் தொடக்கூடாது. இவ்வளவுதான். இடமில்லை என்றால் கட்டுரையாளரின் புகைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை